லண்டன் நிர்வாண சைக்கிள் சவாரி: சட்டம் எதுவரை காக்கும், கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வெம்ப்ளிவாசி கேட்டது:

வணக்கம். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் லண்டனில் நடக்கும் உலக நிர்வாண சைக்கிள் சவாரியில் கலந்துகொள்ள நினைக்கிறேன். முழுக்கக் களைவதா, உள்ளாடையோடு போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வேலை விசாவில் இருப்பதால் சட்டப் பக்கம் தெளிவாக வேண்டும்.

பொது இடத்தில் நிர்வாணம் இங்கே குற்றமா, இல்லையா? அனுமதி வாங்கி நடத்துவதால்தான் விடுகிறார்களா? வீட்டிலிருந்தே அப்படிக் கிளம்பினால் என்ன ஆகும்? சீட், வெயில், கூட்டத்துக்குள் ஓட்டுவது பற்றியும் விவரம் வேண்டும். கார்களுக்கு நடுவே சைக்கிள்காரரின் உடல் எவ்வளவு பாதுகாப்பில்லாதது என்பதைக் கண்ணுக்கு நேரே காட்டுகிற போராட்டம் இது. அந்த மதிப்போடுதான் கேட்கிறேன், கேலி வேண்டாம்.

---

சட்டப்பக்கம் பதில்:

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொது இடத்தில் உடையில்லாமல் இருப்பது மட்டுமே குற்றம் ஆகாது. அதோடு என்ன நோக்கம் சேர்கிறது, என்ன நடத்தை சேர்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும். மூன்று இடங்களில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

முதலாவது, 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு. பிறப்புறுப்பை வேண்டுமென்றே காட்டியிருக்க வேண்டும். அதை ஒருவர் பார்த்து மிரள வேண்டும், அல்லது மனம் பதற வேண்டும் என்ற நோக்கமும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம். தண்டனை அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. ஊர்வலத்தில் மிதித்துப் போகிறவருக்கு அந்த இரண்டாவது நோக்கம் இருப்பதில்லை, அதனால் இந்தப் பிரிவு பொருந்தாது. மார்பகம் இதற்குள் வரவே வராது.

இரண்டாவது, 1986-ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. நடைமுறையில் கவனிக்க வேண்டியது இதைத்தான். மிரட்டும் அல்லது இழிவுபடுத்தும் நடத்தை, அதைக் கண்டு தொல்லையோ மிரட்சியோ மனப்பதற்றமோ அடையக்கூடிய ஒருவரின் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தொலைவில் இருப்பது, இவை சேர்ந்தால் குற்றம். முன்பு ‘அவமதிக்கும்’ என்ற சொல்லும் இருந்தது. 2014-இல் அது போய்விட்டது. அபராதம் 1,000 பவுண்டு வரை. ‘என் நடத்தை நியாயமானது’ என்று எதிர்வாதம் வைக்கச் சட்டமே இடம் தருகிறது. அறிவிக்கப்பட்ட ஒரு போராட்டத்தில், கூட்டத்தோடு கூட்டமாக, பாதையில் போய்க்கொண்டிருந்தார் என்பது அந்த வாதத்துக்கு நல்ல பலம்.

மூன்றாவது, எழுதப்படாத பொதுச் சட்டத்தில் வரும் ‘பொது நாகரிகத்தைக் குலைத்தல்’. ஆபாசமோ அருவருப்போ ஊட்டும் செயல், அதைக் காணக்கூடிய இடத்தில் குறைந்தது இரண்டு பேர் என்று அதற்குத் தனி அளவுகோல். வெறும் நிர்வாணம் அந்த அளவைத் தொடாது. பாலியல் நடத்தை எதுவும் கலந்தால் நிலைமை முழுக்க மாறும். அப்படி நடப்பவரை அமைப்பாளர்களே வெளியே அனுப்புவார்கள், அது சரியும்கூட.

அரசு வழக்குத் தொடுக்கும் துறையின் வழிகாட்டுதலும் இதை ஒட்டித்தான் இருக்கிறது: பாலியல் சூழல் இல்லை, மிரட்டும் நோக்கமும் இல்லை என்றால், பொதுமக்களில் ஒருவர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருந்தால் ஒழிய, நடவடிக்கை வேண்டாம் என்பதே வழக்கமான நிலை.

அனுமதி பற்றி: இந்த நாட்டில் ஊர்வலத்துக்கு ‘அனுமதி’ என்று ஒன்று கிடையாது, முன்னறிவிப்புத்தான் உண்டு. 1986 சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி நாள், நேரம், பாதை, அமைப்பாளரின் பெயர், முகவரி ஆகியவற்றை 6 முழு நாள் முன்னதாகப் போலீஸுக்கு எழுதித் தர வேண்டும். வழக்கமாக நடந்து வரும் ஊர்வலத்துக்கு இதிலிருந்து விலக்கு. ‘கிரிட்டிக்கல் மாஸ்’ என்ற சைக்கிள் கூட்டம் லண்டனில் 1994 முதல் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைதோறும் கிளம்புகிறது. அதற்குப் பாதை முன்கூட்டியே முடிவாவதில்லை. அது வழக்கமான ஊர்வலம்தான், முன்னறிவிப்புத் தேவையில்லை என்று 2008 நவம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. லண்டனில் சைக்கிள் ஊர்வலங்கள் நிமிர்ந்து நிற்பதற்கு அந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். இருந்தாலும் 12-ஆம் பிரிவின் கீழ் நிபந்தனை விதிக்கும் அதிகாரம் போலீஸிடம் இருக்கிறது.

கடைசிக் கேள்விதான் முக்கியம். வெம்ப்ளி வீட்டு வாசலிலிருந்து அப்படியே கிளம்பாதீர்கள். மேலே சொன்ன பாதுகாப்பெல்லாம் ஊர்வலம் என்ற சூழல் தருவது. பத்துத் தெரு தள்ளித் தனியாக, விவரம் தெரியாத ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது அதே உடல் 5-ஆம் பிரிவுக்கு வேறு மாதிரி தெரியும். கூடும் இடத்தில் களையுங்கள், முடியும் இடத்தில் உடுத்துங்கள்.

---

ஃப்ரீவீல் பதில்:

சைக்கிள் பக்கத்தைச் சொல்கிறேன். சீட்டில் ஆரம்பிக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவு தொடங்குவதே அங்கேதான். வியர்வையும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து ரெக்சின் சீட்டை வழுக்க வைக்கும். வழுக்கும்போது உடல் முன்னே சரியும், கை அழுந்தும், தொடை இடுக்கு உரசும். அரை மணி நேரத்தில் தோல் எரிய ஆரம்பித்துவிடும்.

செய்ய வேண்டியது இது. சீட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷவர் கேப் மாட்டுங்கள். அதன் மேல் மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போர்த்துங்கள். பழைய வேட்டியைக் கிழித்தெடுத்த துண்டு இதற்கு அருமையாக இருக்கும். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் கண்ணிகள் தோலைத் தேய்க்கும். தையல் மடிப்பு எதுவும் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டின் அடியில் இரண்டு கம்பிகள் ஓடும். துணியின் நுனிகளை இழுத்து அந்தக் கம்பிகளுக்குள் செருகி, பழைய ட்யூபில் அறுத்த ரப்பர் வளையத்தால் இறுக்குங்கள். ஊக்கு குத்தாதீர்கள். பின்பக்கம் ஒரு நுனிகூடத் தொங்கக் கூடாது. தொங்கினால் பின் டயர் அதைச் சுருட்டி பிரேக்குக்குள் இழுத்துவிடும். கட்டி முடித்தபின் சீட்டின் மூக்கைப் பிடித்துத் திருகிப் பாருங்கள், துணி நகர்ந்தால் மறுபடி கட்டுங்கள். இதெல்லாம் முதல் நாள் இரவே முடிந்திருக்க வேண்டும்.

சீட் உயரத்தை வழக்கத்தைவிட 2 செ.மீ. இறக்குங்கள். நின்று நின்று நகரும் கூட்டம் இது, இரண்டு கால் விரல்களும் தரையில் ஊன்ற வேண்டும். தொடை இடுக்கிலும் உட்காரும் இடத்திலும் வாசலின் மெல்லியதாகப் போதும்.

கூட்டத்தில் வேகம் நடைக்குச் சற்று மேலேதான் இருக்கும். மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். சிறிய கியரில் போட்டு, பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடியே மிதித்தால் வண்டி ஆடாது. பார்வை முன்னால் போகிறவரின் தோளைத் தாண்டித் தூரத்தில் இருக்கட்டும். உங்கள் முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் ஒரு சாண் விலகினால் சக்கரங்கள் உரசும், விழுவது பின்னால் வருகிறவர்தான். உடையில்லாத தோலில் தார் ரோட்டுச் சிராய்ப்பு என்றால் ஆழமாகவே இருக்கும். அரை விரல் கையுறை போடுங்கள். விழும்போது முதலில் ஊன்றுவது உள்ளங்கை. ஹெல்மெட் இங்கே கட்டாயமில்லை, போடுவது நல்லது. காலில் மூடிய ஷூ. ஊசி முள் வைத்த மவுண்டன் பைக் பெடல் என்றால் சாதாரண ரப்பர் பெடலாக மாற்றிவிடுங்கள், வண்டி சாய்ந்து பெடல் கணுக்காலில் அடித்தால் ஆழமாகக் கிழிக்கும்.

கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். ஒரு ட்யூப், இரண்டு டயர் லீவர், சிறு பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவி கையோடு இருக்கட்டும். பஞ்சரானால் கூட்டத்தின் நடுவில் நிற்காமல் கையை உயர்த்திக் காட்டிவிட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். கூட்டம் காத்திருக்காமல் போய்விடும் என்பதால், ஒதுங்கியதும் முதல் வேலை இடுப்பில் ஒரு துணியைச் சுற்றுவது. சட்டப்பக்கம் மேலே சொன்னது அங்கேயும் பொருந்தும்.

சன்ஸ்கிரீன்: ஒரு முழு உடலுக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ 35 மி.லி., அதாவது ஏழு டீஸ்பூன். பாதிப் பேர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது தப்பு. வெயிலே படாத இடங்கள்தான் முதலில் வேகும்: இடுப்புக்குக் கீழ் முதுகு, தொடையின் மேல்பக்கம், முழங்காலின் பின்பக்கம். பூசிய கையை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வண்டியைத் தொட வேண்டும். டிஸ்க் பிரேக் தட்டில் அந்த எண்ணெய் பட்டால் பேடு ஊறிப்போய்க் கீச்சிடும், பிடிப்பும் போய்விடும். துடைத்தால் சரியாகாது, பேடையே மாற்ற வேண்டி வரும். ஸ்ப்ரே வகை என்றால் வண்டியிலிருந்து நாலு அடி தள்ளி நின்று அடித்துக்கொள்ளுங்கள்.

---

வெம்ப்ளிவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று. போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும்? உடலில் வண்ணம் பூசலாமா? ஸ்காட்லாந்திலும் இதே சட்டமா?

---

சட்டப்பக்கம்:

மூடிக்கொள்ளச் சொன்னால் முதலில் மூடுங்கள், பேச்சு பிறகு. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

விசாக்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று: காவல் நிலையம் வரை போய், ‘ஒரு காஷன் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள், கோர்ட் வேண்டாம்’ என்று சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். காஷன் என்பது வெறும் எச்சரிக்கை போலத் தெரியும். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் அதைத் தருவார்கள். அது பதிவில் ஏறும், விசா நீட்டிப்பு, நிரந்தர வதிவிடம், குடியுரிமை விண்ணப்பங்களில் அதைச் சொல்லியாக வேண்டும். 66-ஆம் பிரிவின் பெயரில் வாங்கினால் அது பாலியல் குற்ற ஒப்புதல். காவல் நிலையத்தில் எவருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. விசா எதுவாக இருந்தாலும் உண்டு. அவர் வரும்வரை காத்திருங்கள்.

ஸ்காட்லாந்து வேறு நாடு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அங்கே சட்டமும் நீதிமன்றமும் தனி. ‘அமைதியைக் குலைத்தல்’ என்ற பழைய குற்றம் அங்கே விரிவாகப் பயன்படுகிறது. ஸ்டீஃபன் கோஃப் என்பவர் நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை நிர்வாணமாக நடந்தவர். ஸ்காட்லாந்தில் திரும்பத் திரும்பக் கைதாகி, ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். தனிவாழ்வு உரிமையோ கருத்துரிமையோ மீறப்படவில்லை என்று 2014 அக்டோபரில் அங்கே தீர்ப்பானது. லண்டன் அனுபவத்தை நம்பி எடின்பரோவில் இறங்காதீர்கள்.

---

சாரம்கட்டி பதில்:

உடுப்பு விஷயத்தை ஆரும் விரிவாச் சொல்லேல்லை. லண்டனில் ஒரு இடத்தில் இருந்து மட்டும் வெளிக்கிடுறேல்லை. கியூ பிரிட்ஜ், டவர் ஹில், கிளப்பம் ஜங்ஷன் எண்டு பல இடங்களில் துவங்கிப் பிறகு ஒண்டாச் சேருவினம். ஆண்டுக்கு ஆண்டு இடங்கள் மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கோ. முடியிறது ஹைட் பார்க் கோர்னரில் வெலிங்ரன் வளைவடியில். ஆனபடியால் துவங்கின இடத்தில் உடுப்பை விட்டிட்டுப் போனால் திரும்பி எடுக்கேலாது. எல்லாம் உங்களோடையே வரவேணும்.

பின் கரியரில் ஒரு பை, அதுக்குள்ள சேட், காற்சட்டை, மழைச் சட்டை. ஜூன் எண்டாலும் மேகம் மூடினால் குளிர் காத்து உடம்பை விறைக்கப் பண்ணிப்போடும். பையின்ர மேல்பக்கத்தில் ஒரு சாரம் (லுங்கி) மடிச்சு வையுங்கோ. சாரத்தை விடக் கெதியா உடம்பை மூடுற உடுப்பு உலகத்தில் இல்லை. எடுத்தாச் சுத்தி ஒரு சொருகு, அவ்வளவுதான். ஆனால் சாரத்தோட மிதிக்காதேங்கோ, செயினுக்குள்ள போகும். தள்ளிக்கொண்டு நடக்கிறதுக்கும் ஓரத்தில் நிக்கிறதுக்கும் மட்டும். போன், வீட்டுத் திறப்பு, வங்கி அட்டை, அரை லீற்றர் தண்ணி: இதுகளை இடுப்புப் பைக்குள்ள வையுங்கோ. இடுப்புப் பையின்ர வார் பட்ட இடமும் உரசும், அதுக்குக் கீழ கொஞ்சம் வாசலின்.

ரயில்: வெம்ப்ளி பார்க்கில் இருந்து மெற்றோபொலிற்றன் லைனில் முழுச் சைக்கிள் ஏத்தலாம். சனிக்கிழமையில் நேரத் தடை இல்லை. ஆனால் ஹைட் பார்க் கோர்னரில் இருக்கிறது பிக்காடிலி லைன், ஆழச் சுரங்கம். அங்க மடிக்கிற சைக்கிளைத் தவிர வேற ஏத்தவிடாயினம். முடிஞ்ச பிறகு பேக்கர் ஸ்ரீற் வரை சைக்கிளில் போய் அங்க மெற்றோபொலிற்றன் லைனில் ஏறுங்கோ. உடுத்துக்கொண்டுதான் ரேசனுக்குள்ள போறது.

படம் எடுப்பினம். பொதுத் தெருவில் எடுக்கிறதைச் சட்டம் தடுக்காது. வெம்ப்ளி, ஹரோ, ஈஸ்ற்ஹாம் எண்டு எங்கட சனம் இருக்கிற ஊரில் ஒரு படம் வட்ஸ்அப்பில் சுத்தத் துவங்கினால் நிப்பாட்டேலாது. அது மனசுக்குச் சரி எண்டால் போங்கோ. இல்லையெண்டால் பெரிய கறுப்புக் கண்ணாடி, தொப்பி, முகத்தில் வண்ணம். முகத்தை மறைக்கலாம், ஆனால் கையில் குத்தியிருக்கிற பச்சையை மறந்துபோவினம் கன பேர்.

---

ஃப்ரீவீல்:

பச்சை குத்தியதை மறைப்பதற்கும் வண்ணம் உதவும். நீரில் கரையும் முகவண்ணக் கட்டியை மட்டும் வாங்குங்கள், ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசலாம், சோப்புத் தண்ணீரில் போய்விடும். ஓவியம் தீட்டும் அக்ரிலிக் தோலுக்கானது அல்ல. காய்ந்து வெடிக்கும், உரிக்கும்போது முடியும் தோலும் சேர்ந்து வரும். கறுப்பு மருதாணி என்று விற்பதைத் தொடவே வேண்டாம். கூந்தல் சாயத்தில் உள்ள பிபிடி ரசாயனம் அதில் கலந்திருக்கும், கொப்புளம் போட்டுத் தழும்பாகிவிடும். எந்த வண்ணமானாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு காசு அளவு பூசி ஒரு நாள் பாருங்கள். முதலில் சன்ஸ்கிரீன், 20 நிமிடம் காயவிட்டுப் பிறகு வண்ணம். மாற்றிச் செய்தால் வண்ணம் வழிந்தோடும். வண்ணம் வெயிலைத் தடுக்காது. உட்காரும் இடத்தில் பூசாதீர்கள்.

---

ரொறன்ரோக் குளிர் பதில்:

வேறு நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்காக. இது 2001-இல் ஸ்பெயினின் சரகோசாவில் சைக்கிள்காரர் நிர்வாணமாகக் கிளம்பியதில் இருந்து வளர்ந்தது. 2004-இல் வன்கூவரில் கொன்ராட் ஷ்மிட் உலக அளவில் ஒரே நாளில் நடத்தத் தொடங்கினார். தென்பாதி உலகில் மார்ச்சில் நடக்கும். எண்ணெய்க்கு அடிமைப்பட்ட வாழ்க்கைக்கு எதிர்ப்பு என்பதுதான் தொடக்கக் காரணம்.

கனடாவில் சட்டம் நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. குற்றவியல் சட்டம் 174-ஆம் பிரிவுப்படி, சட்டப்படியான காரணம் இல்லாமல் பொது இடத்தில் நிர்வாணமாக இருப்பதே குற்றம். ஆனால் அதே பிரிவு ஒரு பூட்டும் போடுகிறது: சட்டமா அதிபரின் சம்மதம் இல்லாமல் வழக்குத் தொடுக்க முடியாது. ஒரு பொலிஸ்காரரின் கோபம் மட்டும் வழக்காக முடியாது என்பது இதனால்தான்.

அமெரிக்காவில் நகரத்துக்கு நகரம் மாறும். ஒரிகன் மாநிலச் சட்டம் பாலியல் நோக்கத்தைக் கேட்கிறது. ஆனால் போர்ட்லண்ட் நகர விதி பிறப்புறுப்பைப் பொதுவில் காட்டுவதையே தடுக்கிறது. 2008-இல் அங்கே நிர்வாணமாக ஓட்டிக் கைதான ஒருவரை, இது இந்த நகரில் வேரூன்றிய வழக்கம், அடையாளப் போராட்டம் என்று சொல்லி நீதிபதி விடுவித்தார். சான்பிரான்சிஸ்கோவில் 2013 பெப்ரவரியில் இருந்து தடை. முதல் முறை 100 டொலர் வரை அபராதம், அனுமதி பெற்ற அணிவகுப்பு, தெருவிழா போன்றவற்றுக்கு விலக்கு. மாநிலச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டுவது நகர விதியில்.

---

சட்டப்பக்கம்:

விடுபட்ட ஒன்று. சந்திகளில் தன்னார்வலர்கள் குறுக்கே நின்று கார்களை மறித்துக் கூட்டத்தைச் சிவப்பு விளக்கில் கடத்துவார்கள். கூட்டம் துண்டாகாமல் இருக்க அது உதவும்தான், ஆனால் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரம் போலீஸுக்கு உண்டு, இந்தத் தன்னார்வலருக்குக் கிடையாது. சந்தியில் போலீஸ் நின்று போகச் சொன்னால் போங்கள். யாரும் இல்லாமல் நீங்கள் பின்தங்கி விளக்கு சிவப்பானால் நில்லுங்கள், 50 பவுண்டு அபராதம் உங்கள் பெயரில்தான் வரும். குடித்துவிட்டு ஓட்டாதீர்கள். ஓட்டும் நிலையில் இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை.

---

வெம்ப்ளிவாசி:

குறித்துக்கொண்டேன். உள்ளாடையோடு வந்தால் ஒதுக்கிவிட மாட்டார்களே?

---

சாரம்கட்டி:

இல்லை. எவ்வளவு துணிவோ அவ்வளவு களையலாம் எண்டதுதான் அவையின்ர சொல்லு. முழுக்க உடுத்தும் ஆக்கள் வருவினம். பாதி வழியில் மனசு மாறினாலும் பரவாயில்லை, ஓடிக்கொண்டே கழட்டாதேங்கோ. இடது ஓரத்தில் நிண்டு, ஒரு காலை நிலத்தில் ஊண்டி, கழட்டினதைப் பைக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டுத் திரும்பச் சேருங்கோ.